மடைகாத்தாளுக்கு வந்த பல்லக்கு

நெருஞ்சிப்பட்டி சோலையப்பனிடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து வைத்தால், மறுநாள் பூசணிக்காயாகத் திருப்பிக் கொடுப்பார். பழம் பழமாகத்தான் இருக்கும். அதைப் பற்றிய பேச்சுதான் ராத்திரியோடு ராத்திரியாகப் பருத்திருக்கும். பொன்னமராவதி போகிற டவுன் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு வெள்ளாடு வந்தது என்று ஆரம்பிப்பார். முடிக்கும்போது அது ஐந்நூறு ஆட்டு மந்தையாகி, மந்தைக்கு நடுவே ஒரு சிறுத்தை உட்கார்ந்து கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் மனைவி முனியாயி மட்டும் சிரிக்க மாட்டாள்.

"கொல்லுப்பட்டறைக்குத் துருத்தி தேடுறாகளாம். ஒங்க வாயக் குடுத்து விடுங்க, ஊருக்காச்சும் ஒதவும்" என்பாள்.

ஆனால் ஊத வேண்டிய அவசியமே இல்லாத பெருமை ஒன்று சோலையப்பனுக்கு இருந்தது. அது அவருடைய வீடு. தெற்குத் தெருவில் பாதி ஓடும் பாதித் தகரமுமாக, அடுத்த காற்றுக்கு விழலாமா அதற்கடுத்த காற்றுக்கு விழலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் அந்த வீட்டுக்கு மடைவீடு என்று பெயர்.

ஐப்பசி மழையில் பெரிய கண்மாய் நிறைந்து, மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நாள் வந்தால், ஊர்ப் பெரியவர்கள் மேளத்தோடு தெற்குத் தெருவுக்கு வருவார்கள். வருஷம் பூராவும் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், அன்றைக்கு மட்டும் மடைவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்பார்கள். மேளம் நிற்கும். மூத்தவர் ஒருவர் கேட்பார்.

"ஆத்தா, மடையத் தொறக்கலாமா?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், தலையை வெளியே காட்டாமல், "தொறங்கப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மடை. முன்பு சோலையப்பனின் தாயார் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு முனியாயி.

காரணம் ஊருக்கே தெரியும். கண்மாய் வெட்டிய காலத்தில் மடை இருக்கும் இடத்தில் கரை நிற்கவில்லை. கட்டக் கட்ட உடைத்துக்கொண்டு போனது. கடைசியில் மடைவீட்டுப் பெண் ஒருத்தியை உயிரோடு மடைக்குழியில் வைத்துக் கட்டினார்கள், கரை நின்றுவிட்டது. அவள்தான் மடைகாத்தாள். மடையோரம் மஞ்சள் பூசி ஒரு கல் நிற்கிறது. அந்த ஒரு சாவுக்கு ஊர் கொடுத்த கூலி, வருஷத்துக்கு ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி வரும் நாளில் சோலையப்பனைப் பார்க்க வேண்டுமே! அவர் நெஞ்சை நிமிர்த்துகிற வேகத்தில் சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டுக் கோழிக்குக் காயம் பட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியது அவரேதான்.

அதற்குத்தான் வந்தது வினை. பழைய மடையை இடித்துவிட்டு சிமெண்ட் மடை கட்டி, சக்கரம் வைத்த இரும்பு ஷட்டர் போட்டார்கள். வேலையை முன்னின்று முடித்தவர் பழைய பஞ்சாயத்துத் தலைவர் வெற்றிசெல்வன். பதவி போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் 'தலைவர்' என்ற பட்டம் அவர் மேல் பச்சை குத்தினது மாதிரி ஒட்டிக்கொண்டது. சோலையப்பனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இவர் அவரைத் 'தலைவரே' என்பார், அவர் இவரைச் 'சோலை' என்பார். அந்த ஊரில் வயது வேறு, மரியாதை வேறு.

"சோலை, இங்கிட்டு வா" என்றார் வெற்றிசெல்வன், ஷட்டர் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு. "இதச் சுத்துனாத் தண்ணி வரப்போகுது. இதுக்கு எதுக்கு ஊரே ஒன் வாசல்ல வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்?"

"பழக்கந்தானுங்க, தலைவரே."

"பழக்கந்தான? மாத்திக்கிட்டா அது ஒரு பழக்கம்."

 கேள்வி நின்றுவிட்டால் தன் வீடு வெறும் தகரக்கொட்டகை, தான் அதில் படுத்திருக்கும் ஒரு கிழவன் என்பது சோலையப்பனுக்கு நன்றாகத் தெரியும். பேப்பரில் அச்சாகிவிட்டால் ஆண்டவனே ரப்பரோடு வந்தாலும் அழிக்க முடியாது என்று நம்புகிற ஆள் அவர். ஆகவே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். அங்கே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வனிதா ஊர் ஊராகப் போய்க் கதைகளைச் சேகரித்துப் புத்தகம் போடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். தோளில் தூக்கிக்கொண்டு வராத குறையாக நெருஞ்சிப்பட்டிக்கு அழைத்து வந்துவிட்டார்.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வனிதா செல்போனில் பதிவை அழுத்தினார். சோலையப்பன் தொண்டையைச் செருமினார்.

அவருடைய தாயார் சொன்ன கதை ஒரு மூச்சில் முடிந்துவிடும். அதைப் போய்ப் படித்த அம்மாவுக்கு அப்படியே எடுத்து வைப்பதா? விருந்தாளி இலையில் வெறும் சோறா? நெய்யை ஊற்றினார். மடைகாத்தாள் பூர்ணச் சந்திரனானாள். அரக்குப் பட்டு உடுத்தினாள். காலில் வெள்ளித் தண்டை ஏறியது. எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கு வந்தது. பல்லக்குக்கு முன்னால் அரண்மனை யானை வந்தது. யானைக்கு முன்னால் நாகஸ்வரம்.

"பல்லக்குலேர்ந்து அவளே எறங்குனா டீச்சரம்மா. சிரிச்ச முகம். 'எங்க ஊரு செழிக்கட்டும்'னு கையெடுத்துக் கும்பிட்டா. படி எறங்குற மாதிரி குழிக்குள்ள எறங்குனா."

வனிதாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்துச் சோலையப்பனுக்குக் குஷி தாங்கவில்லை. இன்னொரு யானையைக் கூப்பிட்டிருப்பார். அதற்குள் வனிதா போனை அணைத்துவிட்டார்.

புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த முனியாயி கட்டை இறக்கி வைத்தாள். "பல்லக்க எங்கங்க நிறுத்துனாக? நம்ம சந்துல சைக்கிளே திரும்பாதே."

வனிதா சிரித்தார். பதிவில் அது ஏறவில்லை.

புத்தகம் சித்திரையில் வந்தது. சோலையப்பன் அதை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை என்றாள் முனியாயி. எழுத்துக் கூட்டி அவர் படித்தது பல்லக்கு வரை. அதற்குப் பின்னால் வந்த பக்கங்களை வெற்றிசெல்வன் படித்துவிட்டார்.

பிள்ளையார் கோயில் மந்தைவெளியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வெற்றிசெல்வன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார்.

"அம்மா நல்லா எழுதிருக்காக. இந்தக் கதை நம்ம ஊருல மட்டும் இல்லையாம். கர்நாடகாவுல ஒரு ஏரியில இருக்காம். ருமேனியாவுல ஒரு கோயில்ல இருக்காம். அல்பேனியாவுல ஒரு கோட்டையில. ஜப்பான்லயும் இருக்காம்." கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். "அல்பேனியாக்காரனும் நெருஞ்சிப்பட்டிக்காரனும் மாமன் மச்சானா? இல்லைல்ல. அப்ப என்ன அர்த்தம்? கரையக் கட்டுற எல்லாப் பயலும் இப்படி ஒரு கதையக் கட்டிருக்கான். ஊருக்கு ஊரு இதே கதைன்னா, எங்கயும் யாரும் சாகல. சாகாத ஆளுக்கு எதுக்கு உத்தரவு?"

கூட்டம் தலையை ஆட்டியது. அந்த ஊர்க் கூட்டம் மின்விசிறி சுற்றினாலும் தலையை ஆட்டும். சோலையப்பன் வாயைத் திறந்தார். அல்பேனியா எங்கே இருக்கிறது என்று தெரியாததால் மூடிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து முனியாயியின் குரல் வந்தது.

"ஊருக்கு ஊரு களவு போகுதுன்னா, எங்கயுமே களவு போகலன்னா அர்த்தம்?"

"பொம்பளைக கூட்டத்துல பேசுறதில்ல ஆத்தா" என்றார் வெற்றிசெல்வன்.

"வருசத்துக்கு ஒருக்கா நான் பேசித்தான தம்பி ஒங்க வயலுக்குத் தண்ணி வருது."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். மழை வரட்டும், பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

மழைக்கு முன்னால் ஜனம் வந்தது. புத்தகத்தைப் படித்த யாரோ மடையோரக் கல்லை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். காரைக்குடியிலிருந்து வந்தார்கள், திருச்சியிலிருந்து வந்தார்கள், கோயம்புத்தூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டினார்கள். பிள்ளை இருப்பவர்கள் பரீட்சை நம்பரை மஞ்சள் துணியில் முடிந்து கட்டினார்கள். கல்லுக்குச் சேலை போதவில்லை என்ற நிலை மாறி, சேலைக்குள் கல்லைத் தேட வேண்டியதாயிற்று. இளநீர்க்கடைக்காரன் மாடி எடுத்துக் கட்டினான் என்பார்கள்.

சாகாத மடைகாத்தாள் அதன் பிறகு வெற்றிசெல்வன் கணக்கில் செத்துப்போனாள். அதுவும் அவர் வீட்டுப் பெண்ணாகவே செத்தாள்.

கண்மாய்க் கரையில் இரும்பு வளைவு ஒன்று எழும்பியது. 'அருள்மிகு மடைகாத்தாள்' என்று மேலே. 'தலைவர் வீட்டுக் குலதெய்வம்' என்று கீழே. சோலையப்பன் அதை மூன்று தடவை எழுத்துக் கூட்டினார். மூன்று தடவையும் அதேதான் வந்தது. நேராக டீக்கடைக்குப் போனார். வெற்றிசெல்வன் அங்கேதான் இருந்தார். புத்தகமும் கையிலேயே இருந்தது.

"என்ன தலைவரே, யாரும் சாகலன்னீங்க."

"அது அன்னைக்கு. மறுபடி நிதானமாப் படிச்சேன் சோலை. நீயும் கேளு." பக்கத்தைத் தடவினார். "கர்நாடகாவுல உள்ள போனவ யாரு? ஊர்த்தலைவன் வீட்டு மருமக. ருமேனியாவுல? தலைமைக் கொத்தனார் பொண்டாட்டி. அல்பேனியாவுல? கோட்டையக் கட்டுன அண்ணன் தம்பியில கடைசித் தம்பி சம்சாரம். எல்லாம் பெரிய கை. உலகத்துல எங்கயாச்சும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைன்னு போட்டிருக்கா? நீயே பாரு."

"எங்க ஆத்தா சொல்லிருக்கு..."

"சரி, உலகத்த விடு. ஒன் வாயால நீ சொன்னத வாசிக்கவா? அரக்குப் பட்டு. வெள்ளித் தண்டை. பல்லக்கு. எட்டு ஆளு." புத்தகத்தை மூடினார். "ஒங்க வீட்டுல எந்தக் காலத்துலய்யா பல்லக்கு இருந்துச்சு?"

டீக்கடை அதிர்ந்தது. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பாலைத் தரையில் ஆற்றினார். யார் வீட்டுத் துக்கத்துக்கும் சுதி சேர்த்துச் சிரிக்கத் தெரிந்த ஊர் அது.

"அது நான்... ஒரு இதுக்குச் சொன்னேன் தலைவரே."

"ஒரு இதுக்கா? அப்ப பொய்யி. பொய்யின்னா மொத்தமும் பொய்யி. ஒனக்கு உத்தரவும் கெடையாது ஒன்னும் கெடையாது. நெசம்னா பல்லக்கும் நெசம். பல்லக்கு இருந்த வீடு எது? நீயே சொல்லிட்டுப் போ. எது வேணும்?"

ஆட்டைச் சிறுத்தையாக்கிய சோலையப்பன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் நின்றார். வனிதா அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். சோலையப்பன் நாற்காலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, அந்தப் பல்லக்க எடுத்துரலாமா?"

"எடுக்குறதுன்னா?"

"பொய்யிம்மா அது. யானையும் பொய்யி. பட்டும் பொய்யி. நானா வச்சேன். அவள மட்டும் நான் வைக்கல."

வனிதா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அச்சாயிடுச்சே ஐயா. அடுத்த பதிப்பு வந்தா ஒரு அடிக்குறிப்புப் போடுறேன். எப்ப வரும்னு தெரியாது."

"போகட்டும். ஒன்னு சொல்லுங்க. அல்பேனியாக்காரனுக்கு இந்தக் கதை எப்படித் தெரியும்?"

"பல விதமாச் சொல்றாங்க ஐயா. வியாபாரிங்க கூடவே கதையும் போச்சுங்குறாங்க. மனுசனுக்கு மனசு எங்கயும் ஒன்னுதான், அதனால தனித்தனியா முளைச்சுதுங்குறாங்க. கட்டுனது நிக்கலன்னா எல்லாருக்கும் ஒரே பயம்தானேங்குறாங்க."

"நெசமாவே அங்கங்க பொண்ண வச்சுக் கட்டுனாகன்னு யாரும் சொல்லலையா?"

"சொல்றவங்க உண்டு. அதிகம் பேர் இல்ல." வனிதா மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "நான் சேத்த கதைகள்ல இடம் மாறுது, பேரு மாறுது. பாலம் மாறிக் கோட்டையாகுது. ஒன்னு மட்டும் அநேகமா மாறல. முதல்ல அழுதாலும் கடைசியில அவ மனசாரத்தான் போறா. வாழ்த்திட்டுப் போறா. நீங்களும் அப்படித்தான சொன்னீங்க?"

"ஆமாம்மா. சிரிச்சுக்கிட்டே எறங்குனான்னு சொன்னேன்."

"உங்க அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

சோலையப்பன் தரையைப் பார்த்தார். தாயார் அப்படிச் சொல்லவில்லை. சிரிப்பை வைத்ததும் அவர்தான். கேட்பவருக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாதே என்று, பட்டைவிடப் பல்லக்கைவிடச் சுலபமாக அது அவர் வாயில் வந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அல்பேனியாவில் கோட்டைக்கு வெளியே நின்று கதை சொன்னவனுக்கும் அப்படித்தான் தானாக வந்திருக்கும். உள்ளே போனவள் எந்த ஊரிலும் கதை சொல்லவில்லை.

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஊரே மிதந்து போய்க் கட்டுமாவடிக் கடலில் சேர்ந்துவிடுமோ என்று பயப்படும்படி பெய்தது. கண்மாய் கடல்போல் கிடந்தது. மடை திறக்க நாள் குறித்தார்கள்.

அன்று காலையில் சோலையப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நிற்க வேண்டாம் என்று முனியாயி சொல்லிப் பார்த்தாள். மேளம் பிள்ளையார் கோயிலில் புறப்பட்டது. தெற்குத் தெரு முனைவரை வந்தது. முனையில் ஒரு விநாடி தயங்கியது மாதிரி அவருக்குத் தோன்றியது. மேளக்காரர் தோள்வாரைச் சரிசெய்துகொண்டாரோ என்னவோ. பிறகு மேற்கே திரும்பிப் போய்விட்டது.

வெற்றிசெல்வன் வீட்டு வாசலில் மைக் கட்டியிருந்ததால் கேள்வியும் பதிலும் தெற்குத் தெருவுக்கும் கேட்டன.

"ஆத்தா, மடையத் தொறக்கலாமா?"

வெற்றிசெல்வனின் மனைவி செல்வராணி பட்டுச் சேலையோடு வெளியே வந்து நின்று, போட்டோவுக்கு ஒரு தடவை, வீடியோவுக்கு ஒரு தடவை, "தொறங்கப்பா" என்றாள். பாவம், அவளும் யாராவது தன்னைக் கேட்டு எதையாவது செய்ய மாட்டார்களா என்று முப்பது வருஷமாக அந்த வீட்டில் காத்திருந்தவள்தான். சொன்ன சொல்லில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஷட்டர் சிக்கிக்கொள்ளும் என்று சோலையப்பன் எதிர்பார்த்தார். சக்கரம் கழன்றுபோகும், கரை பிளக்கும், கல் கண்ணைத் திறக்கும் என்று எதிர்பார்த்தார். தப்பில்லை, கதைகளில் அப்படித்தான் நடக்கிறது. ஷட்டர் வெண்ணெயில் கத்தி போவதுபோல மேலேறியது. தண்ணீர் குதித்து ஓடியது. மத்தியானத்துக்குள் சோலையப்பனின் அரைக்காணி வயலுக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

வரப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் முனியாயி கஞ்சிச் சட்டியை நீட்டினாள்.

"விடுங்க. நல்லதாப் போச்சு. இனிமே கரை ஒடஞ்சா அங்கிட்டுப் போயிப் பொண்ணு கேக்கட்டும்."

"அவுக வீட்டுல போயிக் கேப்பாகங்குற?"

"கேக்க மாட்டாக" என்றாள் முனியாயி. "அப்ப மட்டும் நம்ம வீட்டுக்கு வழி தெரியும்."

தை மாதத்தில் ஒரு கார் தெற்குத் தெரு முனையில் நின்றது. ஷர்லி என்று ஒரு பெண், ஊர்க்கதைகளை வீடியோவாகப் போடுகிறவள், திருச்சியிலிருந்து வந்திருந்தாள். மடைகாத்தாள் வீடு எது என்று கேட்டாள். சோலையப்பன் இதுதான் என்றார். அவள் தகரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போனை உயர்த்தினாள்.

சோலையப்பன் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சொட்டு நெய் ஊற்றாமல் சொன்னார்.

"கரை நிக்கலம்மா. ஒரு பொண்ணு வேணும்னாக. பெரிய வீடுகள்லயும் பொண்ணு இருந்துச்சு. அங்க கேக்கல. இந்த வாசல்ல வந்து நின்னு கேட்டாக. முடியாதுன்னு சொல்ல முடியாத வீடுன்னு தெரிஞ்சு கேட்டாக. அவ கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு அழுதிருப்பா. வெரல ஒவ்வொன்னா எடுத்துவிட்டு இழுத்துட்டுப் போயிருப்பாக. குழிக்குள்ளயும் கத்திருப்பா. மண்ணு விழுகுற வரைக்கும். எங்க ஆத்தா இவ்வளவு சொல்லல. 'நம்ம புள்ளையக் கொண்டு போயிட்டாக'ன்னு மட்டுந்தான் சொல்லும். சொல்லிட்டு எந்திரிச்சு வேலையப் பாக்கப் போயிரும்."

ஷர்லி போனைத் தாழ்த்தினாள். முகத்தில் ஒரு குழப்பம்.

"அப்படி எங்கயும் வரலையே ஐயா. இந்த மாதிரிக் கதை நெறையப் படிச்சிருக்கேன். எல்லாத்துலயும் அவங்க விரும்பித்தான் போவாங்க. இது நீங்களாச் சொல்றதா?"

 யாராவது சோலையப்பனைப் பார்த்து, இது நீங்களாகச் சொல்வதா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை யானைகளைப் பற்றியும் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

"பல்லக்குல வந்தாங்கன்னு ஒரு கதை இருக்காமே. அது தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் ஷர்லி.

"இருக்காக" என்றார் சோலையப்பன். எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தெருமுனைவரை கூடவே நடந்து போய் மேற்கே கையைக் காட்டினார். "அங்கிட்டு, தலைவர் வீடுன்னு கேளுங்க. நல்லாச் சொல்லுவாக. காப்பியும் குடுப்பாக."